கேள்வி – பதில்: பழைய சாமானில் ஒரு மின்சார குரூசர்

2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் பரணில் இருந்தும் கோடிப்புறத்தில் இருந்தும் இறங்கிய சைக்கிள்கள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு மோட்டர் பூட்டுவது பற்றியும், நீளமாக, தாழ்ந்த சீற்றோடும் அகன்ற ஹாண்டிலோடும் குரூசர் உருவில் கட்டுவது பற்றியும் நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: அப்பாவின் 28 அங்குல ஆண்கள் சைக்கிளும், முன்பக்கம் நசுங்கிய 26 அங்குல லேடீஸ் சைக்கிள் ஒன்றும் வீட்டில் கிடக்கின்றன. இரண்டையும் வெட்டி ஒட்டி ஒரு குரூசர் செய்யலாமா? — கோப்பாய் வாசகர்

பதில்: செய்யலாம். ஆனால் அப்பாவின் சைக்கிளை வெட்டாதீர்கள். பாசத்துக்காகச் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பிறேம்களில் குழாய்கள் இரும்புக் கூடுகளுக்குள் செருகப்பட்டுப் பித்தளையால் ஒட்டப்பட்டவை. பித்தளை ஊறிய இரும்பில் ஆர்க் வெல்டிங் வைத்தால், உருகிய பித்தளை இரும்புக்குள் புகுந்து மயிர்க்கோடு போல வெடிப்பு விடும். அன்றைக்குப் பார்க்க நல்ல ஒட்டாகவே தெரியும். பாரம் ஏறி ஓடத் தொடங்கிய பிறகுதான் பிளக்கும்.

அதன் சில்லுகளும் உதவாது. பழைய 28 அங்குலச் சில்லுகளில் முன்னுக்கு 32, பின்னுக்கு 40 கம்பித் துளைகள் இருக்கும். சில்லின் நடுவே இருக்கும் சைக்கிள் மோட்டர்களில் பெரும்பாலும் 36 துளை. கணக்கு ஒத்துவராது. அந்தச் சைக்கிளில் இருந்து கரியர், மட்கார்ட், ஸ்ராண்ட், சங்கிலி ஆகியவற்றை எடுங்கள். மிச்சத்தை அப்படியே வையுங்கள்.

வெட்ட வேண்டியது 26 அங்குலப் பிறேம். மேல்குழாய் சாய்ந்திருப்பதால் பாதி உருவம் ஏற்கெனவே வந்துவிட்டது. முன்பக்கம் நசுங்கியது என்கிறீர்கள். முன்சில்லைத் தாங்கும் போக் மட்டும் வளைந்திருந்தால் அதை மாற்றலாம். ஹாண்டில் தண்டு நுழையும் குழாய்க்குக் கீழே பெயின்ற் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் பிறேமே மடங்கியிருக்கிறது. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறொன்று தேடுங்கள்.

நீட்டும் இடம் பின்சில்லைத் தாங்கும் நான்கு மெல்லிய குழாய்கள். 15 சென்ரிமீற்றர் போதும், 20 தான் எல்லை. அதற்கு மேலே போனால் வண்டி நெளியும், எங்கள் ஒழுங்கை முடக்குகளில் இறங்கித் தள்ளித்தான் திருப்ப வேண்டிவரும். குழாயை வெட்டினால் இரண்டு பக்கமும் 4 சென்ரிமீற்றர் உள்ளே போகும்படி ஓர் உட்குழாயை இறுக்கமாக அடித்துச் செருகி, அதன் மேல் நீட்டுக்குழாயை வைத்து ஒட்ட வேண்டும். வெறும் முட்டு ஒட்டு நிற்காது. குழாய்ச் சுவர் 1 மில்லிமீற்றர் அளவுதான், வழமையான 2.5 மில்லிமீற்றர் வெல்டிங் குச்சி அதை ஓட்டையாக்கும். 1.6 அல்லது 2 மில்லிமீற்றர் குச்சியை 40 – 50 அம்பியரில் வைத்து, பொட்டுப் பொட்டாக, ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். நீட்டுவதற்குத் தண்ணீர்க் குழாய்த் துண்டை எடுத்தால் அதன் நாகப் பூச்சை முழுதாக உரஞ்சி எடுத்த பிறகே வெல்டிங். நாகப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும்.

ஒட்டும்போது இரும்பு இழுக்கும். அதனால் பின்சில்லு பூட்டும் இரண்டு காதுகளுக்கும் நடுவே 10 மில்லிமீற்றர் மரைக் கம்பி ஒன்றைப் போட்டு, உள்ளும் புறமும் நட் இறுக்கி, இடைவெளி 135 மில்லிமீற்றரில் நிற்கும்படி பூட்டிவிட்டே வெல்டிங் தொடங்க வேண்டும். பின்சில்லு மோட்டர் இருக்கும் அகலம் அதுதான். பழைய சைக்கிளில் இது 110 முதல் 120 வரைதான் இருக்கும். இரும்புப் பிறேம் என்பதால் மெல்ல விரிக்கலாம். அலுமினியம் என்றால் விரிக்கவே கூடாது.

நேராக வந்ததா என்று பார்க்க ஒரு நூல் போதும். ஒரு காதில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹாண்டில் குழாயைச் சுற்றி, மற்றக் காதுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீற் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளியை இரு பக்கமும் அளவுங்கள். ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெயின்ற் அடிக்க முன் திருத்துங்கள். பிறகு சில்லைப் பூட்டுங்கள். அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் கழற்றி இடம் வலம் மாற்றிப் பூட்டுங்கள். அதே பக்கம் சாய்ந்தால் பிழை பிறேமில். மறுபக்கம் சாய்ந்தால் பிழை சில்லில்.

சங்கிலிக் கணக்கு: சில்லு 20 சென்ரிமீற்றர் பின்னால் போனால் சங்கிலி 40 சென்ரிமீற்றர் கூட வேண்டும். ஒரு கண்ணி அரை அங்குலம். ஆகவே 32 கண்ணி. பழைய சங்கிலியும் புதுச் சங்கிலியும் கலந்து கோக்காதீர்கள். தேய்ந்தது நீண்டிருக்கும், பல்லில் இருந்து குதிக்கும்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்து வந்து பழுதான ஹோவர்போர்ட் (ஏறி நின்று ஓடும் இருசில்லுப் பலகை) இரண்டு இருக்கின்றன. றிம் உடைந்த மின்சார சைக்கிள் சில்லு ஒன்றும் கிடைத்தது. எந்த மோட்டரைப் பூட்டுவது? — நெல்லியடி வாசகர்

பதில்: சைக்கிள் சில்லு. ஹோவர்போர்ட் மோட்டரும் 36 வோல்ற்தான், வலுவும் குறைவில்லை. ஆனால் அதன் அச்சு ஒரு பக்கம் மட்டுமே நீட்டி நிற்கும். சைக்கிள் காதில் இரு பக்கமும் தாங்க வழியில்லை. பல்சக்கரம் கடைந்து சங்கிலி போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. கடைச்சல் பட்டறைக்குக் கொடுக்கும் காசு பழைய மோட்டர் விலையைத் தாண்டிவிடும்.

மோட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பற்றரி இல்லாமலே பார்க்கலாம். தடித்த வயர் மூன்று வரும், பெரும்பாலும் மஞ்சள், பச்சை, நீலம். அவை ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்போது சில்லைச் சுற்றுங்கள், இலகுவாகச் சுற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினால் கடகடவென்று தடுக்கும். மூன்று சோடியிலும் ஒரே அளவு தடுத்தால் சுருள்கள் நலம். ஒரு சோடியில் தடுக்காவிட்டால் வயர் அறுந்திருக்கிறது. ஒன்றையும் சேர்க்காமலே தடுத்தால் உள்ளே கருகி ஒட்டியிருக்கிறது. பல்சக்கரம் உள்ள சிறிய மோட்டர் என்றால் பின்பக்கமாகச் சுற்றித்தான் இந்தச் சோதனை. முன்பக்கம் அது சும்மா உருளும்.

அந்தச் சும்மா உருளும் குணம் பெரிய வசதி. பற்றரி இறங்கினாலும் சாதாரண சைக்கிள் போல மிதித்து வீடு வரலாம். பல்லில்லாத பெரிய மோட்டர் 5 கிலோவுக்கு மேல் இருக்கும், மிதிக்கும்போதும் இழுக்கும். ஆனால் பல் தேயாது, நீண்டகாலம் உழைக்கும். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை என்பதால் எது கிடைத்தாலும் சரி.

பிழை நடக்கும் இடம் அச்சு. மோட்டர் அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் சீவி 10 மில்லிமீற்றர் இருக்கும். அந்தத் தட்டை காதில் இறுகப் பொருந்தாவிட்டால் ஒருநாள் அச்சே சுழன்று வயர்களை முறுக்கி அறுத்துவிடும். காதை அரத்தால் அளவாக ராவுங்கள், பெரிதாக்கிவிடாதீர்கள். 5 அல்லது 6 மில்லிமீற்றர் தகட்டில் 10 மில்லிமீற்றர் வாய் வெட்டி, 10 சென்ரிமீற்றர் நீளமான கை ஒன்று செய்து, அதன் மறுமுனையைப் பிறேமில் கிளிப் போட்டு இறுக்குங்கள். மோட்டர் 40 நியூட்டன் மீற்றர் முறுக்கினால் அந்த முனைக்கு வருவது 40 கிலோ அளவு விசைதான். கை இல்லாவிட்டால் அதே முறுக்கு முழுவதையும் காதின் இரண்டு ஓரங்கள் தாங்க வேண்டும். முன்சில்லில் மோட்டர் பூட்ட நினைப்பவர்கள் அலுமினியப் போக்கை மறந்துவிடுங்கள். காது உடைந்தால் முகம்தான் றோட்டில்.

வேகத்தையும் கணக்குப் பாருங்கள். 26 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு 2.07 மீற்றர் ஓடும். நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் மணிக்கு 25 கிலோமீற்றர். அதற்கு மேலே ஆசைப்படாதீர்கள். மோட்டர் பூட்டிய வண்டியை றோட்டுக்கு எடுக்க முன் மாவட்டச் செயலகத்தின் மோட்டார் போக்குவரத்துப் பிரிவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய லப்ரொப் பற்றரிகளை உடைத்து 36 வோல்ற் பற்றரி கட்ட முடியும் என்கிறார்கள். எத்தனை வேண்டும்? வெடிக்காதா? — சுன்னாகம் வாசகர்

பதில்: கண்மூடிக் கட்டினால் எரியும். சோதித்துக் கட்டினால் ஓடும். இந்த வேலையில் கெட்டித்தனம் வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும். ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

உள்ளே இருப்பவை 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளமுள்ள 18650 கலங்கள். ஒரு கலம் நிரம்பினால் 4.2 வோல்ற், சராசரி 3.6. பத்துத் தொடராக வைத்தால் 36, நிரம்பினால் 42. பழைய லப்ரொப் கலம் ஒன்று 2 அம்பியர்மணி தந்தால் நல்லது என்று வையுங்கள். ஐந்து சமாந்தரமாக, அப்படிப் பத்து வரிசை, ஆக 50 கலம்: 10 அம்பியர்மணி, 360 வாற்மணி. ஒரு லப்ரொப் பற்றரியில் ஆறு கலம் இருக்கும். கழிவு போக 15 பற்றரியாவது சேர்க்க வேண்டும். மெலிந்த புது லப்ரொப்களில் தட்டைப் பைக் கலங்கள் வரும், அவை வேண்டாம்.

உடைக்கும்போது ஸ்குறூட்றைவரால் குத்தாதீர்கள். விளிம்பை நெம்பித் திறவுங்கள். கலம் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் எழுதி மல்ரிமீற்றரால் அளவுங்கள். 2 வோல்ற்றுக்குக் கீழே கிடந்தவை, நெளிந்தவை, துருப்பிடித்தவை, இனிப்பு மணம் வருபவை உடனே கழிவு. மிச்சத்தை 4.2 வரை சார்ஜ் செய்யுங்கள். சார்ஜ் ஆகும்போது கை வைத்துப் பாருங்கள். சுடுகிற கலம் கழிவு. பிறகு இரண்டு கிழமை சும்மா வையுங்கள். இதைத்தான் ஆட்கள் தாவிவிடுகிறார்கள். 4.1 க்குக் கீழே இறங்கிய கலத்துக்குள் கசிவு இருக்கிறது. அது ஒன்று தன் வரிசையில் உள்ள நான்கையும் சேர்த்து இரவு பகலாக வடித்துக்கொண்டிருக்கும். தேறியவற்றைக் கொள்ளளவு அளக்கும் சார்ஜரில் போட்டு, அது காட்டும் அளவைக் கலத்திலேயே எழுதுங்கள். பிறகு பெரிதும் சிறிதும் கலந்து, ஒவ்வொரு ஐந்தின் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய சமமாக வரும்படி பிரியுங்கள். 1600 மில்லி அம்பியர்மணிக்குக் குறைந்ததை ரோர்ச் லைற்றுக்கு வையுங்கள்.

சமாந்தரமாக இணைக்கும் முன் ஐந்தும் ஒரே வோல்ற்றில் நிற்க வேண்டும், 0.05 க்கு மேல் வித்தியாசம் கூடாது. கலத்தின் மேல்முனையை உற்றுப் பாருங்கள். நடுவில் நேர்முனைப் பொட்டு; அதைச் சுற்றியுள்ள விளிம்பு எதிர்முனை. இடையில் இருப்பது மெல்லிய பிளாஸ்ரிக் தோல் மட்டுமே. நிக்கல் பட்டி அந்த விளிம்புக்கு மேலால் போகிறது. எங்கள் உள்ளூர் றோட்டில் ஆறு மாதம் ஆடினால் தோல் தேய்ந்து நேரும் எதிரும் முட்டும். அதனால் ஒவ்வொரு நேர்முனைக்கும் காவலித்தாள் வளையம் ஒட்டிய பிறகே பட்டி. பட்டியை ஸ்பொட் வெல்டரால் பொருத்துங்கள். கலத்தில் நேராக ஈயம் பிடித்தால் சூடு உள்ளே இறங்கி அடைப்பைக் கெடுக்கும். பட்டி தூய நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்று அறிய, ஒரு துண்டைச் சுரண்டி உப்புத்தண்ணீரில் ஓரிரவு போடுங்கள். காலையில் துரு தெரிந்தால் இரும்பு. கடற்காற்று வீசும் ஊரில் அது உதவாது.

புதிதாக வாங்க வேண்டியவை இரண்டு, அவற்றில் பழையது வேண்டாம். ஒன்று, கலங்கள் அளவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் காக்கும் பீ.எம்.எஸ். பலகை, பத்துத் தொடருக்கானது. அதில் 11 மெல்லிய வயர்கள். எல்லாவற்றையும் பற்றரியில் பொருத்தி, செருகியைப் பலகையில் குத்த முன், அடுத்தடுத்த முனைகளுக்கிடையே மீற்றர் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு கலத்தின் வோல்ற் காட்ட வேண்டும். ஒரு வயர் இடம் மாறியிருந்தால் பலகை அந்த நொடியே கருகும். மற்றது பியூஸ். சாதாரண கார் பியூஸில் 32 வோல்ற் என்று எழுதியிருக்கும். 42 வோல்ற்றில் அது உருகினாலும் இடையில் பொறி பாய்ந்துகொண்டே இருக்கலாம். 58 வோல்ற்றுக்குக் குறையாத நேரோட்ட பியூஸ், 15 அம்பியர், பற்றரி நேர்முனையில் இருந்து ஒரு சாணுக்குள்.

கடைசியாக, பற்றரியில் இருந்து மோட்டருக்குப் போகும் மின்னை அளந்து விடும் கொன்ரோலர். சந்தையில் தாராளமாகக் கிடைப்பது 15 அம்பியர். அதை ஐந்து சமாந்தரத்தில் போட்டால் ஒரு கலத்துக்கு 3 அம்பியர், வயதான லப்ரொப் கலத்துக்கு அது கூட. 10 அம்பியர் கொன்ரோலர் எடுங்கள்; 360 வாற் எங்கள் சமதரைக்குத் தாராளம். 15 தான் வேண்டும் என்றால் ஏழு சமாந்தரம், 70 கலம்.

கேள்வி: யூ.பி.எஸ். பற்றரி மூன்றைப் போட்டால் என்ன? — மானிப்பாய் வாசகர்

பதில்: ஓடும், சில மாதத்துக்கு. அவை மின்சாரம் போகும்போது சில நிமிடம் தாங்கச் செய்தவை. நாள்தோறும் அடிவரை இறக்கினால் செத்துவிடும். 7 அம்பியர்மணி என்று எழுதியிருந்தாலும் மோட்டர் இழுக்கிற வேகத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். மோட்டரைச் சோதித்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் வேலணையில் இருந்து யாழ்ப்பாணம் பறந்து வருகிறேன். பின்னேரம் திரும்பும்போது பண்ணைப் பாலத்தில் பற்றரி விட்டுவிடுகிறது. வைகாசிக்குப் பிறகுதான் இப்படி. பற்றரி பழுதா? — வேலணை வாசகர்

பதில்: பழுது பற்றரியில் இல்லை, சோளகத்தில். தென்மேற்கில் இருந்து வரும் காற்று காலையில் முதுகில், பின்னேரம் நெஞ்சில். நிமிர்ந்து உட்காரும் குரூசர் ஒரு பாய்மரம் மாதிரி. காற்றில்லாத நாளில் 25 கிலோமீற்றர் வேகத்துக்குச் சில்லில் 190 வாற் அளவு போதும். 20 கிலோமீற்றர் எதிர்காற்று வந்தால் உடம்பில் மோதுவது 45. காற்றின் தடை மூன்று மடங்கைத் தாண்டுகிறது, தேவை 450 வாற்றுக்கு மேலே போகிறது. அதுவும் பாதி இறங்கிய பற்றரியில். வோல்ற் சரிந்ததும் கொன்ரோலர் அல்லது பீ.எம்.எஸ். வெட்டிவிடுகிறது.

வேகத்தை 15 க்குக் குறையுங்கள். தேவை 180 – 190 வாற்றுக்கு இறங்கும்; ஒரு கிலோமீற்றருக்குச் செலவு மூன்றில் ஒன்று மிச்சம். வேலைத்தலத்தில் ஒரு மணித்தியாலம் சார்ஜ் போட முடிந்தால் பிரச்சினையே இல்லை.

கடலோரமாக ஓடுவதால் இன்னொன்று. மோட்டர் வயர் அச்சுக்குள் நுழையும் இடத்தில், வயரை முதலில் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்துக் கொண்டுபோங்கள். நேராக இறக்கினால் மழைநீர் வயர் வழியே உள்ளே வழியும். செருகிகளில் கிறீஸ் பூசுங்கள். மாரியில் அச்சு மூழ்கும் வெள்ளத்தில் ஓட்டினால் மோட்டர் மூடியைக் கழற்றிக் காயவைக்காமல் மறுநாள் ஓட்டாதீர்கள்.

கேள்வி: பழைய கம்பிப் பிறேக் போதுமா? — அளவெட்டி வாசகர்

பதில்: போதாது. குரோம் பூசிய இரும்பு றிம் நனைந்தால் றப்பர் வழுக்கும், நிற்கும் தூரம் பல மடங்காகும். அலுமினிய றிம்மும் நீளக்கை பிறேக்கும் முன்னுக்கு, பின்னுக்கு எதுவும். கட்டைகளும் பிறேக் வயரும் புதிது. மின்சார சைக்கிளின் பிறேக் பிடியில் மோட்டரை நிறுத்தும் சுவிற்ச் இருக்கும். அந்த வயரை இணைக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். இணையுங்கள்.

கேள்வி: ஒருமுறை சார்ஜ் போட எவ்வளவு மின்சாரம் போகும்? இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாமா? — பருத்தித்துறை வாசகர்

பதில்: 360 வாற்மணிப் பற்றரிக்கு அரை யூனிற்கூட ஆகாது. 42 வோல்ற் 2 அம்பியர் சார்ஜரில் ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். படுக்க முன் கழற்றுங்கள். சீமெந்துத் தரையில், கிடுகு வேலிக்கும் ஓலைக் கொட்டிலுக்கும் தள்ளி வைத்துப் போடுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். ஓடிவந்த சூட்டோடும் வேண்டாம், அரை மணித்தியாலம் ஆறட்டும். புகைந்தால் பிளக்கைக் கழற்றி, தூர நின்று தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். புகை நச்சு, கிட்டப் போகாதீர்கள். நீண்டநாள் ஓட்டாமல் வைப்பதென்றால் 38 வோல்ற் அளவில் விடுங்கள்.

கேள்வி: எல்லாம் பூட்டியாயிற்று. அக்சிலேற்றரைத் திருப்பினால் சில்லு உறுமி நடுங்குகிறது, ஓடவில்லை. சிலவேளை தானாகவே முழு வேகத்தில் சுற்றுகிறது. — சாவகச்சேரி வாசகர்

பதில்: இவை இரண்டு வெவ்வேறு நோய்.

நடுக்கம், வயர் ஒழுங்குப் பிழை. மோட்டரும் கொன்ரோலரும் வேறு வேறு இடத்தில் கழற்றியவை என்றால் நிறத்துக்கு நிறம் இணைத்தாலும் ஒத்துவர வேண்டுமென்றில்லை. முதலில் மோட்டரில் இருந்து வரும் மெல்லிய ஐந்து வயரைப் பாருங்கள். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் 5 வோல்ற் இருக்க வேண்டும். சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது மற்ற மூன்றிலும் மீற்றர் 0 க்கும் 5 க்கும் இடையே ஏறி இறங்க வேண்டும். ஒன்று அசையாவிட்டால், மோட்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று கொன்ரோலருக்குச் சொல்லும் ஹோல் உணரி உள்ளே போய்விட்டது. மூன்றும் நலமென்றால் மெல்லியவற்றை அப்படியே விட்டு, தடித்த மூன்றை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மொத்தம் ஆறு ஒழுங்குதான். சில்லைத் தரையில் படாமல் தூக்கி வைத்து, அக்சிலேற்றரைச் சற்றே திருப்புங்கள். சரியான ஒழுங்கில் சத்தமில்லாமல் சுற்றும், பற்றரி வயரில் ஓர் அம்பியர் அளவே போகும். சுற்றுகிறது, ஆனால் பல அம்பியர் இழுக்கிறது என்றால் அது சரியான ஒழுங்கு அல்ல. சத்தமின்றிப் பின்பக்கமாகச் சுற்றினால், தடித்த வயரில் ஏதாவது இரண்டையும், மெல்லியதில் அதற்கு ஏற்ற இரண்டையும் மாற்ற வேண்டும்.

தானாக ஓடுவதுதான் ஆபத்து. அக்சிலேற்றர் பிடிக்கு மூன்று வயர்: 5 வோல்ற், கறுப்பு, சமிக்ஞை. கறுப்பு அறுந்தால் சமிக்ஞை நேரே 5 வோல்ற் பக்கம் ஏறிவிடும். மலிவான கொன்ரோலர் அதை முழு வேகக் கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது. பழைய பிடியில் இந்த வயர் அறுவது ஹாண்டில் திரும்பும் கழுத்தடியில். வெளித்தோல் நன்றாகவே தெரியும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஹாண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்பித் திருப்பி, கறுப்பு வயரின் இரு முனைக்கும் மீற்றர் வைத்துப் பாருங்கள், தொடர்பு விட்டு விட்டு வரும். பிடியை வயரோடு மாற்றுங்கள், புது வயரைக் கழுத்தடியில் சற்றுத் தளர்வாக விடுங்கள். அது வரை சில்லு தரையில் படும்படி சாவியைப் போடவே வேண்டாம்.